பிணவறை வாசலுக்கு முதலில் வந்தவர் புரோக்கர்

எல்லையை ஒட்டிய கேரள, தமிழ்நாட்டு மாவட்டங்களின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களில் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் கம்பத்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருப்பவன். வக்கீல் இல்லை, எந்தச் சங்கத்திலும் இல்லை. என் மதினி இறந்ததற்கான இழப்பீட்டு வழக்குக்காக இரண்டு மாநிலத்து ஆபீஸ் படிகளிலும் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும், கூடவே ஒரு கோரிக்கையும் வைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் மேல் குறை சொல்ல வரவில்லை. நாங்கள் உங்களைத் தேடி வந்து நீங்கள் திருப்பி அனுப்பியிருந்தால் அல்லவா குறை சொல்ல முடியும்? காசு வாங்காமல் சட்ட உதவி செய்ய இப்படி ஓர் ஆபீஸ் எங்களை மாதிரி ஆட்களுக்காக இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு எங்கள் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பம், கூடலூர், புதுப்பட்டி, உத்தமபாளையம், அந்தப் பக்கம் தேவாரம், போடி வரைக்கும் தெருமுக்குகளில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஜீப் வந்ததும் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலைக்குப் போவார்கள். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அதே ஜீப்பில் இறங்குவார்கள். சீட்டு எத்தனை, ஏறியவர் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணிக்கொண்டு கீழே நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

2023 செப்டம்பரில் ஒரு காலை. மெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஒரு வளைவில் மதினி போன ஜீப் பள்ளத்தில் உருண்டது. ஓட்டுநரோடு சேர்த்து 14 பேர். மதினி அந்த இடத்திலேயே போய்விட்டார். இன்னொரு அக்காவைக் கீழே தேனிக்குக் கொண்டுவந்தார்கள், இரண்டாம் நாள் இறந்தார். மற்றவர்களுக்குக் கை, கால், இடுப்பு என்று முறிவுகள். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் மலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார்கள். மதினிக்கு 38 வயது. மகள் அப்போது ப்ளஸ் ஒன், மகன் ஏழாவது. அண்ணன் சுமை தூக்கும் வேலை பார்த்தவர், முழங்கால் போன பிறகு வாரத்தில் இரண்டு நாள் போனால் பெரிது. வீட்டில் அடுப்பு எரிந்தது மதினியின் மலைக் கூலியில்தான்.

மலை மேல் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் உடலை வைத்திருந்தார்கள். நானும் அண்ணனும் மதினியின் தம்பியும் போய்ச் சேர்ந்தபோது அங்கே பேசுவது எங்களுக்குப் பாதி புரிந்தது, எழுதுவது ஒரு எழுத்தும் புரியவில்லை. எல்லையில் இருக்கிறோம், மலையாளம் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், போஸ்ட்மார்ட்டம் எப்போது முடியும், உடலைக் கீழே கொண்டுபோக எந்தக் காகிதம் வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆளிடம் போய் நின்றோம். அப்போதுதான் அந்த ஆள் வந்தார். சுத்தமான கம்பம் தமிழ், அதே வேகத்தில் மலையாளம். ஸ்டேஷனில் பேசினார், ஆம்புலன்ஸ் வாடகையைக் குறைத்துப் பேசினார், அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொன்னார். அப்புறம் பையிலிருந்து, வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் ஒரு வக்காலத்தும் நாலைந்து வெள்ளைத் தாளும் எடுத்து அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "கேஸை நாங்க பாத்துக்கிறோம், ஒத்தப் பைசா தர வேணாம், பணம் வந்ததும் நூத்துக்கு முப்பது."

அந்த ஆளைத் திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நாள் போகப் போக எனக்கு வேறொன்று தோன்றியது: அன்றைக்கு அவர் செய்ததில் பாதி, எங்களுக்கு உண்மையிலேயே வேண்டியிருந்த உதவி. எங்கள் மொழியில் பேசி, எங்களுக்குப் படிக்கத் தெரியாததைப் படித்துக் காட்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்ன ஒரே மனிதர் அந்த வளாகத்தில் அவர்தான். அந்த வேலையைச் செய்ய உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தால் அண்ணன் வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். என் கோரிக்கை முழுவதும் இதுதான். மற்றதெல்லாம் ஏன் இது இவ்வளவு அவசரம் என்பதற்கான விளக்கம்.

1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆவது பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் உண்டு. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் தமிழ்க் குடும்பங்கள் லயத்தோடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளோடு) புதைந்துபோனதை மறந்திருக்க மாட்டீர்கள், அந்த மாதிரிக் குடும்பங்களுக்கானது அது. எங்கள் வீட்டில் தாயை இழந்தது ஒரு மகளும் ஒரு மகனும், இரண்டு பேரும் அப்போது மைனர்கள். சட்டப்படி அவர்களுக்கு வக்கீல் இலவசம், மனு எழுதுகிற செலவும் மொழிபெயர்ப்புச் செலவும் கூட அந்த உதவிக்குள் வரும். 15100 என்ற உங்கள் சட்ட உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். இதை நான் தெரிந்துகொண்டது எப்படித் தெரியுமா? சொத்துத் தகராறுக்காகச் சட்ட உதவி கேட்டு மனு போட வந்த ஒரு பாட்டி, என் கடையில் அந்த மனுவை நகல் எடுக்கக் கொடுத்தார். எடுத்துக்கொண்டே வாசித்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

உடனே அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்கீலின் ஆபீசுக்குப் போய்க் கேட்டோம். வழக்கு இன்னும் தாக்கல் ஆகவில்லை. ஐந்து மாதம் கழிந்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது, அதன்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அதற்கு முன்னால் இப்படிக் கெடு இல்லாத காலமும் இருந்ததால், "ஆக்சிடென்ட் கேஸ்தானே, மெதுவாப் போடலாம்" என்ற பேச்சு ஊரில் இன்னும் இருக்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன. அதை நம்பி யாரும் தள்ளிப்போட வேண்டாம் என்று இதை வாசிக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நாங்கள் கோப்பைத் திரும்ப வாங்கி, வேறு வக்கீலைப் பிடித்து, ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் மனு போட்டோம். அந்த வாரம் அண்ணன் ஒரு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

நூற்றுக்கு முப்பது என்று சொன்னார்களே, அது பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொண்டு வக்கீல்கள் வழக்கு நடத்தக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஒரு தெலங்கானா வழக்கில் இதைத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கம் விபத்து நடந்த வீட்டில் முதலில் காதில் விழும் பேச்சே எத்தனை சதவீதம் என்பதுதான். நேர்மையாக ஃபீஸ் வாங்கி ஓடி ஓடி உழைக்கும் வக்கீல்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், எங்களுக்கு இப்போது கிடைத்திருப்பவரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அவர்கள் யாரும் பிணவறை வாசலுக்கு வந்து நிற்பதில்லை.

அடுத்து மொழி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எங்கள் வழக்கில் பெரிய சேதம் இதில்தான் நடக்க இருந்தது.

எஃப்.ஐ.ஆர்., மகஜர், பிரேத விசாரணை அறிக்கை எல்லாம் மலையாளத்தில். கேரளத்தில் கேரள மொழியில் எழுதுவார்கள், அது நியாயம். ஆனால் அந்தக் காகிதங்களை எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட ஒருவரும் இல்லை. மனு தயார் செய்யும்போது ஒரு மலையாள வாத்தியாரிடம் கொடுத்து வரிவரியாக வாசிக்கச் சொன்னேன். மதினியின் வயது 45 என்று எழுதியிருந்தது. அந்தக் குழப்பத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், யாரோ எழுதியிருக்கிறார்கள், அண்ணன் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

ஏழு வயது கூடினால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். மதினியின் கூலி நாளைக்கு 500, மாதத்தில் சராசரி 24 நாள், ஆக 12,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, நிரந்தர வேலை இல்லாதவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும், 40-லிருந்து 50 வரை என்றால் 25 சதவீதம். சார்ந்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் என்றால் இறந்தவரின் சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை வருஷக் கணக்காக்கி, வயதுக்குத் தகுந்த எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வந்தது, 36 முதல் 40 வயது வரை 15, 41 முதல் 45 வரை 14. 38 வயது என்றால் 12,000-த்தோடு 40 சதவீதம் சேர்த்து 16,800, மூன்றில் ஒரு பங்கு போக 11,200, வருஷத்துக்கு 1,34,400, பதினைந்தால் பெருக்கினால் 20,16,000. அதே மதினிக்கு 45 வயது என்று எழுதிவிட்டால் 15,000, கழித்தால் 10,000, வருஷத்துக்கு 1,20,000, பதினான்கால் பெருக்கினால் 16,80,000. வித்தியாசம் 3,36,000 ரூபாய். ஒரு பெண் பிள்ளையின் காலேஜ் படிப்பு அந்தக் காகிதத்தின் ஒரு வரியில் இருந்தது, அந்த வரியை வாசிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

நல்லவேளை, மதினி எட்டாவது வரை படித்தவர், பள்ளிச் சான்றிதழ் இருந்தது. இழப்பீட்டு வழக்கில் பிறந்த தேதிக்கு ஆதாரை விடப் பள்ளிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்குக் கை கொடுத்தது. இறந்த இன்னொரு அக்கா பள்ளிக்கூடமே போகாதவர். அவர் வீட்டில் ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது. அவர் இறந்தது தேனியில் என்பதால் பிரேத விசாரணைக் காகிதம் தமிழில், எஃப்.ஐ.ஆர். மலையாளத்தில், இரண்டிலும் பெயர் வேறு வேறு மாதிரி. அந்த வீட்டுப் பெரியவர் இரண்டையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு என் கடைக்கு எடுத்து வந்து, "தம்பி, இதுல எது எங்க ஆத்தா பேரு?" என்று கேட்டார். அவர் கேட்டது அவருடைய மகளை. எங்கள் பக்கம் மகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம், அதே மொழியில் பதிலும் வரும் என்று சொல்கிறது. அது அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கானது, சரி. ஆனால் தினமும் அந்த மண்ணில் வேலை செய்து, அந்த மண்ணில் செத்துப்போகிறவர்களுக்கும் அதே மனசோடு ஒரு வழி செய்யக் கூடாதா? முழு மொழிபெயர்ப்புகூட முதல் நாளே வேண்டாம். பெயர், வயது, முகவரி, வண்டி எண், யார் ஓட்டினார், என்ன பிரிவு என்ற ஆறேழு விஷயத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.

அடுத்தது கூலி. மலைக்குப் போகிற எந்தப் பெண்ணிடமும் சம்பளச் சீட்டு கிடையாது. சாயங்காலம் கையில் காசு, அவ்வளவுதான். விபத்துக்கு மறுநாளே தோட்டத்து ஆட்கள் "எங்க ரிஜிஸ்டர்ல அந்தப் பேரு இல்ல" என்றார்கள். இன்சூரன்ஸ் தரப்பு எதிர்வுரையில் வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, மாதம் 6,000 என்று வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அப்படி வைத்தால் மேலே சொன்ன 20,16,000 அப்படியே பாதியாகி 10,08,000-த்தில் வந்து நிற்கும். அமைப்புசாராக் கூலித் தொழிலாளியிடம் சம்பளத்துக்குக் காகிதம் கேட்க முடியாது, நியாயமான தொகையைச் சொன்னால் ஏற்க வேண்டும் என்று 2011-இல் ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டில் பெண் செய்யும் வேலைக்கும் பண மதிப்பு உண்டு என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் சொல்லியிருக்கிறது. மதினி மலையிலிருந்து இறங்கி வந்து சோறாக்கி, துணி துவைத்து, மாமியாரைக் குளிப்பாட்டி, மகனுக்கு வாய்ப்பாடு கேட்டுவிட்டுத்தான் படுப்பார். அதெல்லாம் எந்த ரிஜிஸ்டரில் இருக்கும்?

கூட வேலை பார்த்த பெண்கள் சாட்சி சொன்னால் கூலி நிரூபணம் ஆகும். ஆனால் அவர்கள் அடுத்த நாள் அதே தோட்டத்துக்கு அதே மாதிரி ஒரு ஜீப்பில் போக வேண்டியவர்கள். முதல் ஒரு வாரத்தில் எல்லோரும் அழுதுகொண்டே சொல்வார்கள், மூன்று மாதம் ஆனால் பேச யோசிப்பார்கள். அதனால்தான் முதல் வாரத்திலேயே யாராவது உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வரும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜீப்பை ஏற்பாடு செய்தது தோட்டமா, வாடகை கொடுத்தது யார் என்ற கேள்வி அதில் முக்கியம். ஆனால் அந்தச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றில்தான் பணம் கேட்க முடியும். எதில் போனால் எந்தக் குடும்பத்துக்கு நல்லது என்று முதலிலேயே பார்த்துச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டும். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

14 பேர் ஏறியது எங்கள் தலையில் விழுந்த இன்னொரு இடி. ஒன்பது பயணிகளுக்குத்தான் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ். கூட்டம் அதிகம் என்பதாலேயே யாருக்கும் ஒன்றும் கிடைக்காது என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, காயம்பட்ட இரண்டு பெண்கள் மனுவே போட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அது தப்பு. 2007-இல் அஞ்சனா ஷியாம் வழக்கு என்று ஒன்று, இமாசலப் பிரதேசத்தில் 42 பேர் போக வேண்டிய பேருந்தில் 90 பேர் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. பாலிசி எத்தனை பேருக்கோ அத்தனை பேருடைய தொகையை, அதிலும் பெரிய தொகைகளாக எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனி கட்ட வேண்டும். அதை எல்லோருக்கும் விகிதப்படி பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. ஆக, எல்லோரும் மனு போட்டாக வேண்டும். அந்த இரண்டு பெண்களிடம் இதைச் சொல்ல அன்றைக்கு எனக்கே தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் வண்டிக்காரர் தரப்பில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1,50,000 ரூபாய் ரொக்கம், ஒரு முத்திரைத்தாள். அந்த வீட்டில் அன்றைக்குக் கடன் மட்டும் எண்பதாயிரம். அண்ணன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். மதினியின் தம்பிதான், "மச்சான், பிள்ளைங்க பங்க நீங்க எப்படி எழுதிக் கொடுப்பீங்க?" என்று கேட்டு நிறுத்தினார். சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் நீதிமன்றத்தில் நியாயமான தொகைக்கு முடிந்தால் அதை விட நல்லது என்ன இருக்கிறது, கோர்ட் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது. எனவே அங்கே உட்கார்வதற்கு முன்னால் தங்களுக்கு வர வேண்டியது தோராயமாக எவ்வளவு என்று குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மேலே போட்ட கணக்கை அண்ணனுக்குப் போட்டுக் காட்ட எனக்கு ஒரு வருஷம் ஆனது. கூடவே கணவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இழப்புக்கென்று 40,000, ஈமச் செலவுக்கு 15,000, இன்னொரு தலைப்பில் 15,000, அதெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

இனி நான் கேட்பது. இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விபத்து நடந்த தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை, இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அதன் நகல் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தைக் குடும்பத்திடம் கொடுக்க வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. 2022 டிசம்பர் 15 அன்று கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலமும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆக, எங்கள் வீட்டுச் சாவு இரண்டு நாளில் உங்கள் மேஜைக்கு வந்துவிட வேண்டும். அது வந்ததும் அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஒரு போன், அவர்கள் மொழியில். "வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், இன்ன இடத்தில் இன்னார் உங்களுக்காக இருக்கிறார், காசு வேண்டாம்." இந்த மூன்று விஷயம் போதும்.

நேரில் வர ஆளும் இருக்கிறார்கள். உங்கள் திட்டத்திலேயே பாரா லீகல் வாலண்டியர்கள், அதாவது வக்கீலாக இல்லாமல் சட்ட உதவிக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், உண்டு. பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மலையாளமும் படித்த பிள்ளைகள் எத்தனை பேர், டிகிரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள்! இரண்டு எழுத்தும் வாசிப்பார்கள், மலையும் தெரியும், லயமும் தெரியும். குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் இடத்துக்கு இரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து வைத்தால், மலையில் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க முடியும். பெண்களாக இருந்தால் இன்னும் நல்லது. இறப்பவர்களும் காயம்படுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள், அவர்கள் கூட வந்து நிற்பதும் பெண்கள்.

அப்புறம், செக்போஸ்ட்டோடு கோப்பு நின்றுவிடக் கூடாது. விபத்து கேரளத்தில் நடந்தாலும், குடும்பம் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. "அங்க நடந்தது, அங்கதான் போகணும்" என்று எங்களிடம் சொன்னவர்கள் எத்தனை பேர்! நாங்கள் தேனி மாவட்டத்திலேயே போட்டோம். ஆனால் காகிதமும் சாட்சியும் விசாரணை அதிகாரியும் மலைக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு நகலுக்கும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு வேறு. 2022 டிசம்பரில் சபரிமலை போய்த் திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் 8 பேர் குமுளி மலைப்பாதையில் கார் கவிழ்ந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தப் பாதைகளில் வண்டி கவிழ்ந்தால் இரண்டு மாநிலத்துக்காரர்களும்தான் ஓடி வந்து தூக்குகிறார்கள். அதே மாதிரி, மேலே உள்ள ஆணைக்குழுவும் கீழே உள்ள ஆணைக்குழுவும் இலவச உதவிக்கென்று தங்கள் பட்டியலில் வைத்திருக்கும் வக்கீல்களின் விவரத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் காகிதத்தை அந்தப் பக்கத்து வக்கீலே வாங்கி அனுப்பும்படி ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னும் ஒன்று, கோபிக்க வேண்டாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் பார்ப்பார் என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. அது மாற வேண்டும் என்றால் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அடுத்த வாய்தா எப்போது, அன்றைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று முந்தின நாள் ஒரு போன் வந்தாலே எங்கள் சனம் நம்பிவிடும். இழப்பீட்டுத் தொகை குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாஸ்புக்கை யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள், ஃபீஸ் மதினியின் தம்பி கட்டுகிறார். மலையாளக் காகிதங்களில் இரண்டுக்கு முறையான மொழிபெயர்ப்பு தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த வாத்தியாரே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், காசு வாங்க மாட்டேன் என்கிறார்.

குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, உங்கள் முத்திரையோடு எனக்குக் கொடுங்கள். 15100, ஆறு மாதக் கெடு, வெள்ளைத் தாளில் கையெழுத்து வேண்டாம், வயதைச் சரிபாருங்கள், காயம்பட்டவர்களும் மனு போடுங்கள், இவ்வளவு இருந்தால் போதும். நகல் எடுப்பதும், விடியற்காலையில் கம்பத்தில் ஜீப் நிற்கிற இடங்களுக்குப் போய் ஒவ்வொரு தூக்குவாளிக்குள்ளும் ஒன்று போய்ச் சேரும்படி பார்ப்பதும் என் வேலை. பேப்பர் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஒரு கொழுந்தன்